கேளுங்கள், சொல்கிறேன்: ஒற்றை டிக்கெட்டும் ஓர் இருண்ட உலகமும்

சென்ற இதழில் திருநகர் வாசகி ஒருவரின் கடிதத்தைப் பதில் இல்லாமலே வெளியிட்டு, அதைப் பற்றி மற்ற வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதால் இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். முந்தைய இதழைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அந்த வாசகியின் கடிதச் சுருக்கம். படத்தின் பெயரை அவர் எழுதியிருந்தாலும், கதையின் பெரும்பகுதியை வெளிப்படுத்திவிட்டதால், இனிமேல் பார்க்கப்போகிறவர்களின் நலன் கருதிப் பெயரை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் மதுரையில் ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 27. வார நாள் ஒன்றில் விடுப்பு எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஓர் ஆங்கிலப் படத்தின் பகல் காட்சிக்குத் தனியாகப் போனேன். வருங்காலத்து நகரம் ஒன்றில் கதை நடக்கிறது. வீட்டை விட்டு வெளியேறும்போதும் திரும்பும்போதும் ஒவ்வொருவரும் ஒரு கருவியின் மேல் கையை வைத்துப் பதிவு செய்ய வேண்டும். சில பகுதிகளில் பிறந்தவர்களை மட்டும் இருட்டிய பிறகு ஒரு கூடத்தில் அடைத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் அதை வழக்கமான ஏற்பாடாக எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு, உறங்கிவிடுகிறார்கள். கதாநாயகி அந்த மற்றவர்களில் ஒருத்தி. படம் முடிந்த பிறகு என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. பெரியார் பேருந்து நிலையத்தில் திருநகர் பேருந்துகள் வந்து வந்து போயின, ஏறத் தோன்றவில்லை. வீட்டில் சொன்னபோது அம்மா, "தனியா சினிமாவுக்குப் போனதே தப்பு, அதுலயும் மனசக் கெடுக்கிற படத்துக்கா போவ?" என்று கடிந்துகொண்டார். தோழியோ, "காசக் குடுத்து கவலைய வாங்கிட்டு வந்திருக்கியேடி" என்று சிரித்தாள். தனியாகப் போனது தவறா? வருங்காலத்தில் நடப்பதாகச் சொல்லும் கதை எனக்கு ஏன் ஏற்கெனவே நடந்ததுபோல் தோன்றியது?
(வாசகி, திருநகர்)

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நடந்ததுபோல் தோன்றியதற்குக் காரணம், அது நடந்தது என்பதுதான். அதுவும் உங்கள் வீட்டிலிருந்து வெகு தொலைவில் அல்ல.

1871ஆம் ஆண்டில் வட இந்தியாவுக்காக ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட பல சமூகத்தார், தாங்கள் செய்த எந்தச் செயலுக்காகவும் அன்றி, பிறந்த பிறப்புக்காகவே பதிவேட்டில் ஏற்றப்பட்டார்கள். அவர்களுடைய கைரேகைகள் எடுக்கப்பட்டன. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ, குறித்துக் கொடுக்கப்பட்ட பொது இடத்திலோ வந்து படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. புதிதாக மணமானவனுக்கும் அதில் விலக்கில்லை. வெளியூர் போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். ரேகை கொடுக்க மாட்டோம் என்று மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1947இல்தான்.

இப்போது உங்கள் படத்தின் கதையை மறுபடி வாசித்துப் பாருங்கள். கையை வைத்துப் பதிவு செய்யும் கருவி, பிறந்த இடத்தைக் கொண்டு பிரிப்பது, இரவில் கூடத்தில் அடைப்பது ஆகியவற்றில் எதையும் அந்த இயக்குநர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர் உசிலம்பட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. கேள்விப்பட்டிருக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை, ஏனென்றால் உலகின் பல மூலைகளில் இதே ஏற்பாடு வெவ்வேறு பெயர்களில் இருந்திருக்கிறது. டிஸ்டோபியா, அதாவது இருண்ட எதிர்கால உலகம், என்று அழைக்கப்படும் இந்த வகைக் கதைகளை எழுதுகிறவர்கள் சோதிடர்கள் அல்லர். எங்கோ, யாருக்கோ ஏற்கெனவே செய்யப்பட்டவற்றைத் திரட்டி, அவற்றைப் பார்வையாளனைப் போன்ற மனிதர்களின் மேல் சுமத்திக் காட்டுவதுதான் அவர்களுடைய முறை. கனடா நாட்டு எழுத்தாளர் மார்கரெட் அட்வுட், 1985இல் வெளிவந்த 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' என்ற தம் நாவலைப் பற்றிப் பேசும்போது, மனித வரலாற்றில் எங்கும் நடந்திராத ஒன்றைக்கூட அதில் சேர்க்கக்கூடாது என்பதையே தமக்கு விதியாக வைத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வியப்பூட்டும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவல்களில் உலகமெங்கும் முதலில் நினைவுக்கு வருவது 1949இல் வெளியான '1984'. அதை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் பிறந்தது பீகாரில் உள்ள மோதிஹாரியில், 1903இல். அவருடைய தந்தை ஆங்கிலேய அரசின் அபினித் துறையில் பணியாற்றியவர். ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் இந்திய இம்பீரியல் போலீஸ் அதிகாரியாக இருந்தார்; பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதாவது, உசிலம்பட்டிக் கிராமங்களில் இரவுதோறும் ஆள் எண்ணிக்கை எடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே சாம்ராஜ்யத்தின் போலீஸ் உடையில் அவரும் இருந்தார். நாவலுக்கான கரு ஸ்டாலினின் ரஷ்யாவிலிருந்தும் போர்க்கால லண்டனிலிருந்தும் வந்தது என்று சொல்வார்கள், அது சரியே. ஆனாலும், மனிதர்களைப் பதிவேட்டுக்குள் அடைக்கும் வேலை அடைப்பவனின் மேசையிலிருந்து எப்படித் தெரியும் என்பதை அவர் இளம் வயதிலேயே அறிந்திருந்தார் என்பதை விட்டுவிட்டு அந்த நாவலை என்னால் படிக்க முடிவதில்லை.

உங்களை எழுந்திருக்க விடாமல் செய்தது கூடத்தில் அடைபட்டவர்களின் துயரம் மட்டும் என்று நான் கருதவில்லை. கதாநாயகி அவர்களில் ஒருத்தியாக இருந்திருந்தால் நீங்கள் அவளுக்காக அழுதிருப்பீர்கள். அழுத பிறகு மனம் லேசாகி, முதல் பேருந்திலேயே ஏறியிருப்பீர்கள். அவளைச் சாப்பிட்டு உறங்குகிறவர்களில் ஒருத்தியாக வைத்ததுதான் அந்தப் படத்தின் மிகச் சிறந்த முடிவு என்று உங்கள் கடிதத்தை மட்டும் கொண்டே சொல்வேன். 1920களில் மதுரை நகரத்தில் சித்திரைத் திருவிழா குறைவின்றி நடந்தது. நாடகக் கொட்டகைகள் நிரம்பின. கடைத்தெருவில் வியாபாரம் நடந்தது. ஒரு பகல் மாட்டுவண்டிப் பயணத் தொலைவில் ஒரு சமூகத்தின் ஆண்கள் இரவுதோறும் அடைக்கப்படுவது நகரத்தாருக்கு ஒரு நிர்வாக ஏற்பாடாகவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நல்லவர்கள்தாம் அவர்களும். அந்த நல்லவர்களின் வரிசையில் நமக்கும் ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை இருட்டில் உட்கார்ந்து அறியும்போது கால்கள் தளர்வது இயற்கை.

இனி முதல் கேள்வி. தனியாகப் போனதில் தவறில்லை என்பது மட்டுமல்ல. இந்த வகைப் படத்துக்குத் தனியாகப் போவதே நல்லது என்பது என் கருத்து. நாலு பேராகப் படம் பார்த்தால், திரையரங்கின் படிகளில் இறங்கும்போதே "எப்படி இருந்துச்சு?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. நகைச்சுவைப் படத்துக்கும் சண்டைப் படத்துக்கும் அந்தக் கேள்வி மகிழ்ச்சியின் தொடர்ச்சி. சிந்திக்க வைக்கும் படத்துக்கோ, விதைத்த அன்றே தோண்டிப் பார்ப்பதற்கு ஒப்பானது அது. பதில் உருவாக ஓரிரு நாட்களாவது வேண்டும். ஆனால் கேட்டவருக்கு அப்போதே ஏதாவது சொல்லியாக வேண்டும். அவசரத்தில் 'சூப்பர்' என்றோ 'மொக்கை' என்றோ ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறோம். அதன் பிறகு நம் எண்ணம் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. சொன்னதை நியாயப்படுத்தும் காரணங்களைத்தான் மனம் தேடுமே தவிர, பார்த்ததைத் தேடாது. நீங்கள் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அந்த நேரத்தை வீணான நேரமாகவோ மனக்கோளாறாகவோ நினைத்துவிடாதீர்கள். படத்தின் இரண்டாம் பாதி அங்கேதான் ஓடியது.

உங்கள் தோழி சொன்னதற்கும் ஒரு பதில் உண்டு. காசு கொடுத்துக் கவலை வாங்குவது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலித்து நாடகம் வைத்து, விடிய விடிய உட்கார்ந்து, அரிச்சந்திரனின் மயான காண்டத்தில் சந்திரமதியோடு சேர்ந்து அழுதுவிட்டுத்தான் மக்கள் வீடு திரும்பினார்கள். மனம் கெட்டுப்போகும் என்று யாரும் அவர்களைத் தடுத்ததில்லை.

அம்மாவின் கவலையில் இரண்டு பங்கு இருக்கிறது. மனம் கெடும் என்பதை நான் ஏற்கவில்லை. பாதுகாப்பு பற்றிய பங்கை ஏற்கிறேன். பகல் காட்சியைத் தேர்ந்தெடுத்தது சரி. யாரிடமும் சொல்லாமல் போனதை மட்டும் ஒப்ப மாட்டேன். எந்த அரங்கு, எத்தனை மணிக்கு முடியும் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போவதால் உங்கள் தனிமைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. படம் முடிந்து வாரக்கணக்கில் தூக்கம் வராமல் போனால் அது படத்தைப் பற்றிய விஷயம் அல்ல. அப்போது தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: திருநகர் வாசகியின் கடிதத்தைப் படித்தேன். சினிமா என்பதே கூட்டத்தோடு பார்ப்பதற்காக உண்டானது. நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் தங்கம் தியேட்டரில் ஆயிரக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து பார்த்த அனுபவம், ஆளில்லாத அரங்கில் தனியாக உட்கார்ந்து பார்ப்பதில் எப்படிக் கிடைக்கும்? அதற்குக் கைபேசியிலேயே பார்த்துவிடலாமே?
(பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், சிம்மக்கல்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் முதல் பாதிக்குத் தலைவணங்குகிறேன். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதித் தங்கம் தியேட்டர் 1952இல் 'பராசக்தி'யோடு தொடங்கியது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அந்த அரங்கை ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நீதிமன்றக் காட்சியின் வசனத்தை அத்தனை பேர் நடுவே கேட்பதும் வீட்டில் கேட்பதும் ஒன்றாகாது. தன் ஒருவனுக்கு மட்டும் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்த கோபம் பக்கத்து இருக்கைக்காரனுக்கும் இருக்கிறது என்பதை அன்று கைதட்டலின் வழியே ஒவ்வொருவரும் அறிந்துகொண்டார்கள். தமிழ்நாட்டு அரசியலில் அந்த அறிதலுக்கு என்ன பங்கு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் படம் கை நீட்டிக் குற்றம் சாட்டியது வெளியே இருந்தவர்களை: போலிப் பூசாரியை, பணக்காரரை, பாராமுகமான சமூகத்தை. நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் வகைப் படங்கள் கை நீட்டுவது பார்ப்பவரை நோக்கி. தன்னையே குறித்து ஒரு கேள்வி வரும்போது யாரும் விசிலடிப்பதில்லை. கூட்டத்தோடு பார்த்தால் அந்தக் கேள்வியை அடுத்தவருக்குக் கேட்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு தப்பித்துவிட முடியும். எல்லாரும் அப்படியே எடுத்துக்கொண்டால் அரங்கமே தப்பித்துவிடும். ஆகையால் படத்தின் தன்மைக்கு ஏற்பக் கூட்டமோ தனிமையோ தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரயில் நிலையத்துக்கு அருகே விக்டோரியா எட்வர்ட் மன்றத்தில் இயங்கிய ரீகலில் ஆங்கிலப் படம் பார்க்கப் போனவர்களில், தனியாக வந்து, யாரோடும் பேசாமல் திரும்புகிறவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. அவர்களில் சிலர் உங்கள் மாணவர்களாகவும் இருந்திருக்கலாம்.

கைபேசியைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் உறுதியாக மறுக்கிறேன். கைபேசியில் படத்தை நிறுத்தலாம், ஓட்டலாம், பிடிக்காத காட்சியைத் தாண்டிப் போகலாம். எல்லாம் நம் கட்டைவிரலின் ஆணைக்கு உட்பட்டவை. தன் வாழ்வின் மேல் எந்த ஆணையும் செலுத்த முடியாத மனிதர்களைப் பற்றிய கதையை, முழு அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதில் ஏதோ பொருந்தாமல் இருக்கிறது. திரையரங்கில் படம் நம்மைக் கேட்டு நகர்வதில்லை. எழுந்து போகலாம், ஆனால் நிறுத்த முடியாது. அதுமட்டுமன்றி, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத சிலரின் மௌனம் இருக்கிறதே, அதற்கு ஒரு கனம் உண்டு. அவர்களோடு பேச வேண்டியதில்லை. அவர்களும் எழுந்து போகவில்லை என்பதே போதும்.

கேள்வி: நல்ல கட்டத்தில் இடைவேளை விட்டுப் பரபரப்பைக் கெடுத்துவிடுகிறார்களே?
(வாசகர், வில்லாபுரம்)

பதில்: இடைவேளை நம் படங்களுக்குக் கதையின் ஒரு மூட்டு, நம் இயக்குநர்கள் அதற்காகவே ஒரு திருப்பத்தை எழுதி வைக்கிறார்கள். இடைவேளை இல்லாமல் எடுக்கப்பட்ட வெளிநாட்டுப் படத்தை எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்வது இங்கிருப்பவர்கள்தான். சில நேரங்களில் ஒரு பாத்திரம் பேச வாயைத் திறக்கும்போதே விளக்கு எரிந்துவிடும். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் மக்காச்சோளப் பொரியும் பப்ஸும் விற்றால்தான் அரங்கு நடத்துகிறவருக்குக் கட்டுப்படியாகும் என்பதும் தெரியும். என் யோசனை எளியது: அந்தப் பத்து நிமிடமும் எழுந்திருக்காதீர்கள், கைபேசியைத் திறக்காதீர்கள். எழுந்து வெளியே போய்க் குளம்பி குடித்துவிட்டு வந்தவருக்கும், உட்கார்ந்த இடத்திலேயே விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் இரண்டாம் பாதி ஒன்றுபோல் இருப்பதில்லை. சற்றுமுன் திரையில் அடங்கிக் கிடந்த நகரத்தைப் பார்த்துவிட்டு, உடனே நகைக்கடை விளம்பரத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பது, இயக்குநர் திட்டமிடாத ஒரு காட்சியாகவே சில நேரம் அமைந்துவிடுகிறது.

கேள்வி: இந்த வகைப் படங்களை எங்கிருந்து தொடங்கலாம்? இவற்றில் சொல்லப்பட்ட எதிர்காலம் எந்த அளவுக்குப் பலித்திருக்கிறது?
(கல்லூரி மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

பதில்: பலித்ததா என்று மதிப்பெண் போடுவதை முதலில் விட்டுவிடுங்கள். 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' 2019 நவம்பரின் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. 1973இல் வந்த 'சாய்லென்ட் கிரீன்' உணவின்றித் தவிக்கும் 2022ஆம் ஆண்டின் நியூயார்க்கில் நடக்கிறது. இரண்டு ஆண்டுகளும் வந்து போய்விட்டன. பறக்கும் கார்கள் வரவில்லை. அதனால் அந்தப் படங்கள் தோற்றுவிட்டன என்று சொல்ல முடியாது. படத்தில் போடும் ஆண்டு, பார்வையாளன் தன் காலத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்காகப் போடப்படும் ஒரு தூரம், அவ்வளவே.

பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோ 1966இல் எடுத்த 'ஃபாரன்ஹீட் 451'இலிருந்து தொடங்குங்கள். புத்தகங்கள் தடை செய்யப்பட்ட நாடு. அங்கே தீயணைப்புப் படையின் வேலை தீயை அணைப்பதல்ல, புத்தகங்களைக் கொளுத்துவது. படிப்பதே குற்றமான உலகம் என்பதால் படத்தின் தொடக்கத்தில் நடிகர்களின் பெயர்கள் எழுத்தில் வருவதில்லை. ஒரு குரல் வாசித்துச் சொல்கிறது. கதை தொடங்குவதற்கு முன்பே அந்த உலகத்துக்குள் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

பிறகு வேர்களுக்குப் போங்கள். ஃபிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' 1927இல் வந்த மௌனப் படம். மேலே வானளாவிய கட்டடங்களில் செல்வர்கள். நிலத்துக்கு அடியில் இயந்திரங்களோடு தொழிலாளர்கள். வெளியான சில மாதங்களிலேயே வெட்டிச் சிதைக்கப்பட்டதால் படத்தின் முழு வடிவம் அழிந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2008இல்தான் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் ஏறக்குறைய முழுமையான பிரதி ஒன்று கிடைத்தது. வேலை நேரம் மாறும்போது தலைகுனிந்து ஒரே தாளத்தில் நடந்து வரும் தொழிலாளர் வரிசையைப் பார்க்கும்போது, பஞ்சாலைச் சங்கு ஊதிய காலத்து மதுரையை அறிந்த உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாரேனும் பக்கத்தில் இருந்தால் நல்லது. தனியாகப் பார்ப்பதற்கு நான் தரும் ஒரே விலக்கு இது.

இவை இரண்டையும் பார்த்த பிறகு 'சில்ட்ரன் ஆஃப் மென்'. அல்போன்சோ குவாரோன் 2006இல் எடுத்த இந்தப் படம் 2027இன் பிரிட்டனில் நடக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக உலகில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. இந்த ஒரு கற்பனையைத் தவிர, அதில் உள்ள மற்ற எல்லாம் நாம் செய்தித்தாளில் பார்த்தவை. ஒரு யோசனை: கதாநாயகனைப் பின்தொடராதீர்கள், அவனுக்குப் பின்னால் நடப்பதைப் பாருங்கள். அகதிகளைக் கூண்டுகளில் அடைத்து வைத்திருப்பார்கள். அவன் பார்க்காமல் கடந்து போவான். கேமரா மட்டும் சற்றுத் தாமதித்துத் திரும்பிப் பார்க்கும். எல்லாரும் புகழும் அந்தப் படத்தின் நீண்ட ஒற்றை ஷாட்டுகளைவிட, இந்தச் சிறு தாமதம்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கேள்வி: எல்லாம் இருக்கிற மேலைநாட்டார் இல்லாத பயங்களைக் கற்பனை செய்து பார்க்கிறார்கள். நம் மரபில் இப்படிப்பட்ட அவநம்பிக்கைக் கதைகள் இல்லை. நமக்கு எதற்கு இந்த இரவல் இருட்டு?
(வாசகர், மேலூர்)

பதில்: நம் மரபில் இல்லை என்று மதுரை மண்ணில் நின்றுகொண்டு சொல்வது துணிச்சல்தான். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்துப் படியுங்கள். அரசன் விசாரிக்காமல் ஆணையிடுகிறான். காவலர்களோடு பொற்கொல்லன் போகிறான். கோவலனைப் பார்த்த காவலர் தரப்பில், இவன் முகத்தைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்று ஓர் ஐயக் குரல் எழுகிறது. உடனே பொற்கொல்லன் சிரித்து, கள்வர்களின் மந்திரம், மருந்து, தந்திரம் என்று களவு நூல் சொல்வதையெல்லாம் அடுக்கி, நிபுணனாக விளக்கம் தருகிறான். மற்றவர்கள் தயங்கிப் பேசிக்கொண்டிருக்கும்போது, கல்லாத களிமகன் (குடிகாரன்) ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஆணையிட்டுவிட்டு விலகிய அதிகாரம், சந்தேகம் வந்தும் தடுக்காத ஊழியர், சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும் நிபுணர், யோசிக்காமல் முடித்துவைக்கும் கை: இருபதாம் நூற்றாண்டின் எந்த இருண்ட படத்தை எடுத்தாலும் இந்த நால்வரும் அதில் இருப்பார்கள். இளங்கோவடிகளிடம் இரவல் வாங்கியது யார் என்று வேண்டுமானால் கேட்கலாம்.

ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதல்ல. கண்ணகி நேரே அரண்மனை வாயிலுக்குப் போனாள். வாயிற்காவலனை அழைத்து, அரசனிடம் சொல் என்றாள். எதிரே நின்று 'தேரா மன்னா' என்று விளித்தாள். சிலம்பை உடைத்துக் காட்டியதும் 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சொல்லிப் பாண்டியன் உயிர் விட்டான். தவறு செய்த அதிகாரத்துக்கு அங்கே ஒரு முகம் இருந்தது. அந்த முகத்துக்கு வெட்கமும் இருந்தது. திருநகர் வாசகி பார்த்த படத்தில் வாயிலில் இருப்பது ஒரு கருவி. அதனிடம் போய் யாரும் வழக்குரைக்க முடியாது. அது யாரிடமும் போய்ச் சொல்லாது. தவறு நிரூபணமானாலும் உயிர் விடாது. இன்று ஓர் அலுவலகத்தில் ரேகை பதியவில்லை என்பதற்காகச் சலுகை மறுக்கப்படும் முதியவர், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் முறையிடும்போது, "மெஷின் எடுக்கலையே, நான் என்ன செய்யிறது?" என்ற பதிலைக் கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்கிறவரும் கெட்டவர் அல்லர். மேலைநாட்டாரின் பயம் என்று நீங்கள் சொல்வது, கண்ணகிக்குக் கிடைத்த அந்த வாயில் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான். அது மேலூருக்கும் உரியது.

கேள்வி: என் மகனுக்கு வயது 13. இந்த மாதிரிப் படத்துக்குத் தனியாகப் போகட்டுமா என்று கேட்கிறான். அனுமதிக்கலாமா?
(வாசகி, அண்ணா நகர், மதுரை)

பதில்: 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ சான்றிதழ் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று வழங்கப்படுகிறது. இவை பெற்றோரின் வழிகாட்டுதலுக்கானவை. ஏ சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயது நிறையாதவரை அரங்கில் விடக்கூடாது. முதலில் சான்றிதழைப் பாருங்கள். பதின்மூன்று வயதில் தனியாக வேண்டாம். நீங்களும் கூடப் போய், இரண்டு இருக்கை தள்ளி உட்காருங்கள். படம் ஓடும்போது விளக்கம் சொல்லாதீர்கள். முடிந்த பிறகு அவன் கேட்டால் மட்டும் பேசுங்கள். பெரும்பாலும் இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சம்பந்தமே இல்லாததுபோல் கேட்பான்.

கேள்வி: இந்த மாதிரிப் படம் மதுரைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் எடுத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?
(வாசகர், பழங்காநத்தம்)

பதில்: அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைப்பதை நிறுத்த வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள் வசூலைப் பார்த்துத்தான் அடுத்த வாரக் காட்சிகளை முடிவு செய்கிறார்கள். இப்படிப்பட்ட படங்களுக்குப் பெரும்பாலும் ஒரே திரை, ஒரே காட்சி, அதுவும் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத நேரத்தில் தருவார்கள். ஆள் வரவில்லை என்று சொல்லி அதையும் எடுத்துவிடுவார்கள். அரங்கு நடத்துகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குளிர்சாதனத்துக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு நாலு டிக்கெட்டில் வராது. நகரத்தில் உள்ள கல்லூரிகளின் திரைப்பட மன்றங்களையும், திரைப்பட ஆர்வலர் குழுக்களையும் விசாரித்து வையுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. இருபது முப்பது பேர் சேர்ந்து, படம் வெளியாவதற்கு முன்பே அரங்க மேலாளரைப் போய்ப் பார்த்து, இத்தனை டிக்கெட் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், வார இறுதியில் ஒரு பகல் காட்சி கொடுங்கள் என்று கேளுங்கள். கணக்குச் சரியாக வந்தால் அவர் ஒப்புக்கொள்ளக்கூடும். தனியாகப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இப்போது ஆள் சேர்க்கச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அரங்கில் இடத்துக்கா பஞ்சம், அந்த முப்பது பேரும் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம்.